இடப்பக்கத்து முதல் கிளை

மாஸ்டருக்கு எதுவும் தொங்கக்கூடாது. சட்டையில் நூல் தொங்கக்கூடாது, திரைச்சீலையில் ஓரம் தொங்கக்கூடாது, எதிரில் நின்று பேசுகிறவனின் பேச்சுகூடப் பாதியில் தொங்கக்கூடாது. மீதியை இவரே சொல்லி முடித்துவிடுவார். பெரிய தையல் கடை ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். வெட்டுவதுதான் அவர் வேலை, தைப்பதற்கு வேறு ஆட்கள் உண்டு. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி ஒன்றை வைத்திருப்பார். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் ஒரு நூல் ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார். முடியவில்லை. பின்கழுத்தில் இரும்பு பட்டதும் அந்த மனிதர் அலறிக்கொண்டு எழுந்தார். மாஸ்டர் வெட்டிய நூலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நன்றி சொல்வார் என்று காத்திருந்தார்.

இப்படிப்பட்ட கையில்தான் ஒரு பைன் மரம் வந்து மாட்டியது. அதற்கு அந்த மரம் என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

கொண்டுவந்து சேர்த்தவர் கண் டாக்டரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தொட்டியில் மரங்களைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் சங்கம் ஒன்றை அவர் நடத்திவந்தார். கோட்டு ஒன்று தைக்கக் கொடுக்க வந்தவர், மாஸ்டர் துணியில் கத்தரி ஓட்டுகிற அழகைப் பார்த்துச் சொக்கிப்போனார். இந்தக் கை மரத்துக்கு ஆகும் என்று அப்போதே முடிவு செய்து, விரல் பருமன் இருந்த பைன் கன்று ஒன்றை நீலத் தொட்டியில் நட்டுக் கொடுத்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த அம்மாளுக்கு இந்த ஒரு விஷயத்தில் கண் தெரியாமல் போயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில வருடங்கள் மாஸ்டர் அந்த மரத்தை அற்புதமாகத்தான் வளர்த்தார். தண்டு வலப்பக்கமாக ஒரு வளைவு வளைந்து மேலே போயிற்று. அந்த வளைவுக்கு எதிராக இடப்பக்கம் அடியில் ஒரு கிளை, வாசலில் நின்று ‘உள்ளே வாங்க’ என்று கை காட்டுகிற மாதிரி நீண்டிருந்தது. சங்கத்தில் மரத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கிளையைத்தான் பார்த்தார்கள். அது தீக்குச்சித் தலை அளவு மொட்டாக இருந்தபோது மாஸ்டர் அதை வெட்டத்தான் போனார். கத்தரியின் இரண்டு வாய்க்கும் நடுவில் மொட்டு வந்தாயிற்று. என்ன தோன்றியதோ, போகட்டும் என்று விட்டுவிட்டார். தம் ஆயுளில் வெட்டப் போய் வெட்டாமல் விட்ட ஒரே தளிர் அது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெற்ற பிள்ளைகூட இல்லாத வீடு. கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மொட்டை மாடிக்குப் போய் முதலில் அந்தக் கிளையைப் பார்த்துவிட்டுத்தான் காபிக்கு இறங்குவார்.

ஆனால் கை சும்மா இருக்க வேண்டுமே. வசந்தத்தில் பைன் மரத்தின் நுனிகளில் புதுக் குருத்துகள் நிமிர்ந்து நிற்கும். பார்க்க மெழுகுவத்தி மாதிரியே இருப்பதால் சங்கத்தில் அதற்கு மெழுகுவத்தி என்றே பெயர். அது ஒரு விரலளவு எட்டியதும் மாஸ்டருக்குக் கை அரிக்கும். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலையை அவர் வாராவாரம் செய்தார். காலையில் ஒரு சுற்று, கடைக்குப் போவதற்கு முன் இன்னொரு சுற்று. ஊசி இலைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. மரத்துக்கு லட்சணம் கூடுகிறது என்று அவர் பூரித்தார். அப்புறம் பச்சை வெளுத்து மஞ்சள் தட்டியது. ஒருநாள் அந்த இடப்பக்கத்துக் கிளையில் பார்த்தால், நுனியில் ஒரு சிட்டிகை ஊசி மட்டும் மிஞ்சியிருந்தது.

மாஸ்டர் பதறிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“மாஸ்டர், இது வளர்த்துக் குட்டையான மரம் இல்ல. பட்டினி போட்டுக் குட்டையான மரம்.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். மற்ற மரங்களை மொட்டையடித்தாலும் வெற்றுக் கட்டையிலிருந்து துளிர்க்கும், பைன் துளிர்க்காது. கிளையில் பச்சை ஊசி இருக்கிறவரைதான் அதற்கு உயிர். அந்தச் சிட்டிகையும் போனால் கிளை போயிற்று, இனி எந்த ராஜாவாலும் அதைத் திரும்ப வரவழைக்க முடியாது. அது போதாதென்று, பைனின் பலமெல்லாம் உச்சிக்கே ஓடும், கீழ்க்கிளைகள் எப்போதும் ஏழைகள். அதனால் உச்சியைத் தாம் வந்து அவ்வப்போது கொஞ்சம் குறைப்பதாகவும், கீழ்க்கிளையை அது இஷ்டத்துக்கு எவ்வளவு நீளம் போனாலும் போகவிட வேண்டும் என்றும் சொன்னார். நல்ல வெயில், தண்ணீர், புண்ணாக்கு. இரண்டு வருடம் மரத்தில் கத்தரி படக்கூடாது. தெம்பு வந்த மரத்தைத்தான் வெட்டலாம். தெம்பில்லாததை வெட்டுவதற்குப் பேர் வேறு என்றார்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். கத்தரியைத் தொடவே மாட்டேன் என்றார். சொல்லும்போதே அவருடைய கட்டைவிரல் நகம் ஒரு மெழுகுவத்தியின் கழுத்தில் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“இந்த வீட்ல வெச்சா இது பிழைக்காது. ஒண்ணுமே செய்யாத ஆள் யாராவது இருந்தா அவங்ககிட்ட குடுத்துடுங்க.”

ஒன்றுமே செய்யாத ஆளா? மாஸ்டரின் மனைவி வாசற்படியில் நின்றபடி சிரித்துவிட்டாள். உலகத்திலேயே அந்தத் தகுதிக்கு ஒருவன்தான் உண்டு, அவனும் அவளுடைய சொந்தத் தம்பியாகவே இருந்தான்.

அவனைக் குடும்பத்தில் எல்லாரும் சாவகாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் அவசரப்பட மாட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் சோறு ஆறினபின் வருவான், ரயிலேறப் போனால் அடுத்த ரயிலில் வருவான். இப்போது ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். காலையில் சைக்கிள் வரும், மாலையில் போகும். நடுவில் அவன் நாற்காலியும் அவனும்தான். ஸ்டாண்டின் மூலையில் அவன் தங்குகிற ஒற்றை அறை, அதன் தலையில் வெயில் கொளுத்துகிற சிமென்ட் கூரை, ஏறுவதற்குச் சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணி. மாஸ்டரின் வலது முழங்காலுக்கு அந்த ஏணி ஆகாது.

அவன் பிறக்கும்போதே சாவகாசமாகப் பிறந்தானா என்றால், அதுவும் இல்லை. வாலிபத்தில் அவனுக்கு ஏகப்பட்ட யோசனைகள் இருந்தன. போட்டோ ஸ்டுடியோ வைக்கிறேன் என்றான். கை நடுங்குகிறவனுக்குப் போட்டோவா என்றார் மாஸ்டர். லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றான். ஸ்டியரிங்கிலேயே தூங்குவாய் என்றார். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அக்காவிடம் கூச்சத்தோடு சொன்னபோது, மாஸ்டர் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே நேரில் போய், பையனைப் பற்றி உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாம் அவன் நல்லதுக்குத்தான். அதில் மாஸ்டருக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. அதற்கப்புறம் அவன் யோசனை எதையும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சோம்பேறி என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொன்னார். அக்காக்காரி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர் ஸ்டாண்டுக்குப் போன அன்று, மகளைப் புகுந்த வீட்டில் விடுகிற தகப்பன்கூட அவ்வளவு புத்திமதி சொல்லியிருக்க மாட்டான். மேல்மண் காய்ந்தால் தண்ணீர், காயாவிட்டால் கூடாது. மாதம் ஒருமுறை தொட்டியைத் திருப்பு. புண்ணாக்கை உருண்டையாக வை, தூளாகப் போடாதே. முக்கியமாக இடப்பக்கத்துக் கிளை. அது போனால் எனக்கு மரமே வேண்டாம் என்றார் மாஸ்டர். சாவகாசம் கேட்டுக்கொண்டான்.

“நான் என்ன செய்யணும் மாமா?”

“ஒண்ணும் செய்யக்கூடாது.”

“அது முடியும்” என்று சொல்லிவிட்டு, அவன் தொட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறிப்போனான்.

அன்றிலிருந்து மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிள் ஸ்டாண்டில் கழிந்தன. புறப்படும்போது மனைவி வாசலில் நிறுத்தி, பையைத் தடவி, குட்டிக் கத்தரியை எடுத்து வைத்துக்கொள்வாள். ஸ்டாண்டில் ஏணியின் அடியில் நின்று மாஸ்டர் அண்ணாந்து பார்ப்பார். கூரையின் விளிம்பைத் தவிர ஒன்றும் தெரியாது. மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். இருக்கு மாமா என்பான் அவன். கிளை? அதுவும் இருக்கு. பச்சையா, மஞ்சளா? பச்சைன்னுதான் நினைக்கிறேன். நினைக்கிறாயா, பார்த்தாயா? பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் மாமா. ஒரு பதிலாவது கத்தரித்த மாதிரி கச்சிதமாக வருமா? வராது. மாஸ்டருக்கு ரத்தம் கொதிக்கும். திட்டலாம், ஆனால் மரம் அவன் தலைக்கு மேல் இருக்கிறது. பணயக்கைதியைப் பிடித்து வைத்திருக்கிறவனிடம் யார் சண்டை போடுவார்கள்?

மேலே போய்வந்தவர்கள் இரண்டே பேர். டாக்டரம்மா அந்த வயதிலும் விறுவிறுவென்று ஏறி, உச்சியைக் குறைத்துவிட்டு இறங்குவார். போகிறது, பொறுங்கள் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மனைவியும் ஏறிப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லாருக்கு என்றாள். எவ்வளவு நீளம் என்று மாஸ்டர் அளவு நாடாவை எடுத்ததும், இதுக்குத்தான் சொல்லலை என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கையின் அரிப்புக்கு ஒரு வடிகால் வேண்டாமா? ஸ்டாண்டின் முகப்பில் காடாய் வளர்ந்து கிடந்த வேலிச்செடி ஒன்று மாஸ்டர் கண்ணில் பட்டது. சாவகாசம் அறைக்குள் போய், துருப்பிடித்த தோட்டக் கத்தரி ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து வாராவாரம் மாஸ்டர் வேலியை வெட்டினார். அது கோட்டுத் தோள்பட்டை மாதிரி மூலை மடிந்து நின்றது. ஸ்டாண்டு முதலாளி வந்து பார்த்து அசந்துபோய், வேலியை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறாயே என்று சாவகாசத்தின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவன் மறுக்கவும் இல்லை.

இப்படியாக இரண்டு வருடம் ஓடியது. சங்கத்தின் நூல் கட்டும் நாள் வந்தது.

அது அந்தச் சங்கத்துக்கே உரிய ஒரு வழக்கம். கண்காட்சிக்கு முன், மரங்களையெல்லாம் டாக்டரம்மா வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நீளப் பலகைகளில் வரிசையாக வைப்பார்கள். எது யாருடையது என்று எந்த அடையாளமும் இருக்காது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு சிவப்பு நூல்கண்டோடு சுற்றிவந்து, ஒவ்வொரு மரத்திலும் எந்தக் கிளை வேண்டாமோ அதன் அடியில் ஒரு நூலைக் கட்டவேண்டும். நூல் அதிகம் விழுந்த கிளை வெட்டுப்படும். சொந்தக்காரர் தம் மரத்துக்கு நூல் கட்டக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, அதனால்தான் இந்தச் சட்டம். இதில் மாஸ்டர்தான் ராஜா. அவர் கண் தப்பாது என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பாதிப் பேர் சுயமாக யோசிக்காமல், அவர் கட்டின இடத்திலேயே தாங்களும் கட்டிவிட்டுக் காபிக்குப் போய்விடுவார்கள்.

மரத்தை முந்தின நாளே சாவகாசம் கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று மனைவி சொன்னாள். மாஸ்டர் புதிதாகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு புறப்பட்டார். தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். சாவகாசம் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் உறுப்பினர் இல்லை, சுமந்து வந்தவன். அதனால் ஓரத்தில்தான் நிற்கவேண்டும். மாஸ்டர் அவனைக் கண்டுகொள்ளாமல் பலகையோரமாக நடந்தார். வரிசையின் கடைசியில் அந்த நீலத் தொட்டி கண்ணில் பட்டது. விளிம்பில் சில்லு பெயர்ந்த அதே தொட்டி. அந்தச் சில்லு பெயர்ந்ததே அவர் கைபட்டுத்தான்.

தொட்டியில் இருந்த மரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் இருட்டியது. மஞ்சள் பூத்த ஒரு சின்னப் பைன். உச்சியில் ஏதோ உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் அடியில் ஒரு கிளை, ஒரு ஊசிகூட இல்லாமல், சுள்ளியாகக் காய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைத் தொட்டார். நுனி பொடிந்து விரலோடு வந்தது.

இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாந்து நின்ற கழுத்து வலி இன்னும் போகவில்லை. இருக்கு மாமா, இருக்கு மாமா என்று அவன் சொன்னதெல்லாம் இதற்குத்தானா? குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்துவிட்டு, பூ எங்கே என்று கேட்டால் யார் குற்றம்? சட்டப்படி வாயைத் திறக்கக்கூடாது என்பதால் மட்டும் கத்தாமல் இருந்தார். தூணோரம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சாவகாசம் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குக் கேலியாகப் பட்டது.

பக்கத்தில் அகலமான பிளாஸ்டிக் கூடை ஒன்றில் வேறொரு பைன் இருந்தது. அடர்ந்து, கருத்த பச்சையில், தலைவிரி கோலமாக, தண்டே தெரியாமல் மண்டிக் கிடந்தது. நுனிக்கு நுனி மெழுகுவத்திகள் திமிராக நிமிர்ந்து நின்றன. ஒரு கிளை மட்டும் அடியிலிருந்து புறப்பட்டு, எல்லை எது என்று தெரியாமல், பலகையைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொடுத்து வைத்தவன் எவனோ வளர்த்திருக்கிறான். தெம்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை. இங்கே ஒருவன் மரம் சாகக் கிடக்கிறது, இதற்கு இத்தனை ஆட்டமா? அவர் நூலை உருவினார். நீண்டுகிடந்த கிளையின் அடியில், தண்டோடு ஒட்டி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். வழக்கமாக ஒரு முடிச்சுப் போடுகிறவர், அன்று கோபத்தில் இரண்டு போட்டார்.

மாஸ்டர் கட்டினதைப் பார்த்து வங்கி மானேஜர் வந்து அதே இடத்தில் கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போதே அந்தக் கிளையின் கழுத்தில் சிவப்பு ஏறியது. டாக்டரம்மா தோட்டத்தின் மறுகோடியில் யாருக்கோ காபி ஊற்றிக்கொண்டிருந்தார், மாஸ்டரின் மனைவி கூட நின்று தம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளையின் கதை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. சாவகாசம் தூணிலிருந்து முதுகை எடுத்தான். அவன் எங்காவது சாய்ந்தால் தானாக நிமிர்ந்ததை அவன் அக்காகூடப் பார்த்ததில்லை. நேரே பலகைக்கு வந்து, குனிந்து, நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். மாஸ்டரின் இரட்டை முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். எல்லாவற்றையும் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாஸ்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“உள்ளதையும் சாகடிச்சிட்டு இங்க வந்து இதுல கை வைக்கிறியா? இது யார் மரம்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் மாமா.”

“யாருது?”

“உங்களுது.”

மாஸ்டருக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. நீலத் தொட்டியைக் காட்டி, அப்படியென்றால் இது என்ன என்றார். அதற்குள் டாக்டரம்மா காபிக் கெட்டிலோடு ஓடிவந்துவிட்டார். மரத்தின் வேர் நன்றாக ஓடட்டும் என்று கூரைக்குப் போன புதிதிலேயே அதைக் கூடைக்கு மாற்றிவிட்டதாகவும், காலியான தொட்டியை வீணாக்க வேண்டாமே என்று மானேஜர் மரத்துக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். மானேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் வெட்டுகிற கைதான்.

மாஸ்டர் கூடையின் முன் மெல்லக் குந்தினார். முழங்கால் வலித்ததா என்று அவருக்கே தெரியாது. அடர்ந்த ஊசிகளை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தார். உள்ளே தண்டு வலப்பக்கமாக வளைந்து போயிற்று. பட்டையில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள், வரிசை வரிசையாக, ஒரே கோணத்தில், ஒரே அளவில். அப்படி வெட்ட ஊரில் ஒரே ஒரு கைதான் உண்டு. மரத்தை அவருக்குத் தெரியவில்லை. தாம் வெட்டின இடங்களைத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் செருப்பைக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பார்த்த கிளை, இதோ, ஆள் கட்டைவிரல் கனத்தில், எட்டிய மட்டும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் கழுத்தில்தான் இரண்டு முடிச்சுப் போட்டாயிற்று. மாஸ்டர் அழுதார். சங்கத்துக்கு முன்னால், புதுச் சட்டையில், வெட்கமில்லாமல் அழுதார்.

“என்னடா செஞ்ச இத?” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சாவகாசம் யோசித்தான். அவன் எதையும் யோசிக்காமல் சொல்கிறவன் இல்லை.

“நான் ஒண்ணும் செய்யல மாமா. நீங்க மேல ஏறி வரல, அவ்வளவுதான்.”

குத்திக்காட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கு அதெல்லாம் வராது. கேட்டார், உள்ளதைச் சொன்னான். ஆனால் டாக்டரம்மாவின் பின்னாலேயே வந்து நின்ற அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா நல்ல மனசுக்காரி. மரத்துக்கு இப்போது தெம்பு இருக்கிறது, உச்சியில் உள்ள மெழுகுவத்திகளை இப்போது வெட்டினால்தான் கீழே பலம் தங்கும் என்று சொல்லித் தம் கத்தரியை மாஸ்டரிடம் நீட்டினார். இரண்டு வருடம் ஏங்கின கத்தரி. மாஸ்டர் அதை வாங்கி, ஒரு குருத்தில் வைத்து, எடுத்து, இன்னொன்றில் வைத்து, அதையும் எடுத்தார். பிறகு, முதல்முறையாக, திரும்பி மைத்துனனைப் பார்த்து, இங்கேயா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் மாமா என்று அவன் மறுபடி தூணுக்கே போய்விட்டான். கடைசியில் டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டின இடத்தில் மட்டும் வெட்டினார். கீழ்க்கிளைப் பக்கம் கத்தரி போகவே இல்லை.

மாலையில் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். மாஸ்டரும் மனைவியும் ஒரு சீட்டில், முன்சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசம். கொஞ்ச தூரம் போனபின் அவன் பாதி திரும்பி, அக்காவிடம் பேசுகிற மாதிரி பேசினான். மானேஜர் மரத்தையும் கூரையில் வைக்கச் சொல்லி டாக்டரம்மா கேட்டார்களாம். அது மட்டுமில்லை, சங்கத்தில் இப்படித் தெம்பில்லாத மரங்கள் நிறைய இருக்கிறதாம். கூரையில் இடம் இருக்கிறது, ஒரு பலகை அடித்துப் போட்டால் எல்லாவற்றையும் வைக்கலாம். செய்யலாமா என்று யோசிக்கிறானாம்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த யோசனை. மாஸ்டருக்கு அதற்கான பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கூரை பாரம் தாங்காது, முதலாளி விடமாட்டான், பலகைக்கு ஆணி அடிக்கவே உனக்கு ஆறு மாதம் ஆகும். மூன்றும் நியாயமான காரணங்கள். வாயைக்கூடத் திறந்துவிட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு, பயந்துபோய், காத்திருந்தாள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

அவன் பாதி திரும்பி உட்கார்ந்திருந்ததால் சட்டைப் பை தெரிந்தது. சுருட்டிப் போட்ட சிவப்பு நூல் ஒன்று அதிலிருந்து வழிந்து, ஒரு முழத்துக்குத் தொங்கி, பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார், ஜன்னல் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத் தோட்டத்துக்குப் புறப்பட்ட அவசரத்தில் மனைவி அவர் பையைத் தடவ மறந்திருந்தாள். குட்டிக் கத்தரி இருந்த இடத்திலேயே இருந்தது. கை தானாக அதைத் தேடிப் போயிற்று. அதன் இரண்டு வாயும் திறக்காதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்கவேண்டிய நிறுத்தம் வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.